நூற்றைந்து சென்டிமீட்டர்

ஊய் பெங் சூன் தரையில் ஒட்டிவிட்டுப் போன
நீல நாடாதான் இப்போதைக்கு எங்கள் தீவு.
ஆறடி நீளம், மூன்றடி அகலம்.
ஜெலுத்தோங், ஏழாவது மாடி,
ஜன்னலைத் திறந்தால் பாலமும் கடலும்.
பினாங்கே ஒரு தீவு, அதற்குள் இன்னொன்றா என்று
சிரித்த தனபாலன்தான்
இப்போது நாடாவை மிதிக்காமல் சுற்றிப் போகிறார்,
அது ஏற்கெனவே கல்லாகிவிட்ட மாதிரி.
யஷ்வின் மட்டும் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து
'அப்போ நீங்க நிக்கிறது தண்ணியாம்மா?' என்கிறான்.

ஒரு வாரம் இதோடு குடித்தனம் பண்ணிப் பாருங்கள்,
அப்புறம் பலகை வெட்டலாம்
என்பது பெங் சூன் வாக்கு.
மலாயில் அவர் சொன்னது இதைவிடச் சுருக்கம்.

பாத்திரம் கழுவும் எந்திரத்துக்குப் பதிலாக
வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி.
முன்பக்கத்தை மூன்று புறம் கீறிக்
கதவாக மடித்து வைத்தேன்.
திறந்தால் அறுபது சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது,
வைக்கோலுக்கு நாக்கை நீட்டும் மாடாக.
அதன் பக்கத்தில் குனிந்து நிற்க ஓர் ஆள்.
அந்த ஆளின் முதுகுக்கும் தீவின் விளிம்புக்கும் நடுவே
கொதிக்கும் ரசத்தோடு இன்னோர் ஆள்.

எண்கள் பல்லைக் காட்டுவது இங்கேதான்.
தொண்ணூறு விட்டால் ரசம் முதுகில்.
நூற்றிருபது விட்டால்
சாப்பாட்டு மேசை வாசலில் செருப்போடு நிற்கும்.
நூற்றைந்து என்று எழுதி, அடித்து,
மறுபடி நூற்றைந்து என்றே எழுதினேன்.

தீவில் தண்ணீர் கிடையாது.
தரையைக் குடைய நிர்வாகம் விடாது.
ஆகவே தொட்டி ஜன்னலடியில்,
எந்திரம் அதை ஒட்டியே,
ஒரே குழாயில் இருவரும் வடிக்க வேண்டும்.
மீனும் பிளாச்சானும் வறுபடப் பின்கட்டு இருக்கிறது.
தோசைக்கல் எந்திரத்துக்குள் போகாது.
மண்சட்டி போகாது.
மஞ்சள் பட்ட வெள்ளை டப்பா
உள்ளே போய் வெளியே வந்தாலும்
பிறந்ததே மஞ்சளாகத்தான் என்று சாதிக்கும்.
மட்டத் தட்டுக்கென்று செய்த பற்களுக்கிடையே
எங்கள் பதினாறு சில்வர் டம்ளர்கள்
எப்படி நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை.

வரைபடத்தில் அளவு காட்ட ஒரு குட்டி உருவம்.
பாவாடை கட்டியது.
தொட்டி முன்னால் நிற்கிறது, எந்திரம் அதன் இடப்பக்கம்.
இது யார் என்று கேட்டேன்.
கம்ப்யூட்டர் போட்டது லா, என்றார் பெங் சூன்,
காதில் பென்சிலைச் செருகியபடி.

பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில்
ராப்பாத்திரம் தனபாலனுடையது.
பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இரண்டாம் ஷிப்ட் முடித்து
பதினொன்றரைக்கு வந்து, ஆறிய சோற்றைத் தின்று,
ரேடியோவைச் சின்னதாக வைத்துக்கொண்டு தேய்ப்பார்.
அதுவும் பீச்சாங்கையால்.
வலக்கையில் தட்டு, இடக்கையில் நார்.
கழுவிய தட்டு போக வேண்டியது வலப்பக்கம்.
அதை யாரும் அளக்கவில்லை.
நானும்தான்.

பெட்டியை வலப்பக்கம் இழுத்து வைத்தேன்.
மசாலா இழுப்பறைக்கு இடம் போயிற்று.
நல்லமிளகும் சோம்பும் தீவுக்குக் குடிபெயரட்டும்,
அடுப்பிலிருந்து இரண்டு எட்டுதானே என்று
எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.
இரண்டல்ல, மூன்று.
கடுகு வெடிக்கும்போது மூன்று எட்டு தூரம்தான்.

அவரிடம் எதுவும் சொல்லவில்லை.
காலையில் எழுந்து பார்த்தால்
அட்டைக்குள் ஒரு தட்டு,
நன்றாக அலசியது, ஓரமாகச் சாய்த்து வைத்தது.
தூக்கக் கலக்கமோ, குறும்போ.
அடியில் அட்டை ஊறி
வட்டமாகக் கறுத்திருந்தது.
அந்த வட்டத்தைப் போட்டோ எடுத்து
பெங் சூனுக்கு அனுப்பினேன்:
எந்திரம் இங்கே.

பதில் உடனே வந்தது.
பொம்மையையும் மாற்றணுமா?