அரைக் குடுக்கை

காசியாஸ் நகரத்து இறைச்சி விடுதியில்
பதினேழு வருடமாகக் கம்பி தூக்குகிறேன்.
மேசைக்கு மேசை ஒரு வட்ட அட்டை.
பச்சை மேலே இருந்தால் கொண்டு வா.
சிவப்பு மேலே இருந்தால் போதும்.
போதும் என்ற சொல்லை
அடுத்தவர் மேசையில்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்டில் அறுத்தார்கள்.
எடுத்தது எவ்வளவு என்றேன்.
மருத்துவர் தன் மணிக்கட்டிலிருந்து
முழங்கை வரை காட்டினார்.
மிச்சம்?
ஒரு பிஞ்சு வாழைக்காய்.
ஒரு சாண் வயிறு என்பார்களே,
எனக்கு அது நாலு விரற்கடை.

விருந்தாளிக் காப்பிக்கு வாங்கிய
பிளாஸ்டிக் குப்பிகளை
ரோசிமெய்ரி சன்னலோரம் வரிசையாக வைத்தாள்.
ஒவ்வொன்றிலும் ஐம்பது மில்லி.
இளநீர், வடிகட்டிய கோழிச்சாறு, வெறும் தண்ணீர்,
மறுபடி தண்ணீர்.
குப்பி, கடிகாரம், குப்பி, கடிகாரம்.
இருட்டுவதற்குள் முப்பது குப்பி முடியவில்லை என்றால்
பேசாமல் வந்து எதிரே உட்கார்ந்துகொள்வாள்.
மடமடவென்று என்ற சொல்
எங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனது.

பிறகு ஒரு முட்டை.
நாற்பது நிமிடம்.
கவளத்துக்குக் கவளம் கரண்டியைக் கீழே வை,
சாப்பிடும்போது தண்ணீர் தொடாதே,
முடித்து அரை மணி கழித்துக் குடி
என்றாள் உணவு ஆலோசகி நாதிர்.
அவள் சொல்லாமல் விட்டது ஒன்று:
நிறைந்துவிட்டால் இனி வயிறு சொல்லாது,
மூக்கு ஒழுகும்.

சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா.
நவம்பரில் ஒரு சனிக்கிழமை
அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே
கம்பியிலிருந்து ஒரு கொழுப்பு ஓரம்,
விரல் சுட, கிள்ளி வாயில் போட்டேன்.
ரெண்டாவது.
மூக்கு ஒழுகியது, புகை என்று நினைத்தேன்.
மூணாவது நெஞ்சில் நின்றது.
மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.
குளிர் அறைக்குப் பின்னால் சுவரைப் பிடித்தபடி
நுரை நுரையாக எச்சில் துப்பினேன்.
கம்பியை இன்னொரு கையில்
தரையில் படாமல் பிடித்திருந்தேன்.
வேலை பழக்கிய கை.

அறுத்துக்கொண்டவர்களுக்கு எங்களிடம் பாதி விலை.
போன வாரம் ஒருத்தி, தனியாக,
மருத்துவமனைச் சீட்டை
உள்ளங்கையால் மறைத்து நீட்டினாள்,
கடன் கேட்பவளைப் போல.
நகத்தளவு மெலிதாக ஒரு சீவல் வெட்டினேன்.
அவள் மென்றாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.
கூடம் முழுக்கக் கத்தி ஓசை,
எங்கள் மேசையில் மட்டும் மெல்லும் நேரம்.
நானும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அட்டையைத் திருப்பிவிட்டாள்,
சிவப்பு.
எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆனால் கசப்பு வேறு விஷயம்.
ஞாயிறு மாலை அதெல்மோ வீட்டு முற்றத்தில்
மாத்தே குடுக்கை சுற்றி வரும்.
ஒரே குடுக்கை, ஒரே உலோகக் குழல்.
வாங்கியவன் அடி வரை உறிஞ்ச வேண்டும்,
குழல் குறட்டை விட வேண்டும்,
பிறகுதான் திருப்பித் தரலாம்.
மிச்சம் வைத்துத் தருவது
முகத்தில் அடிப்பது போல.
ஆறு மாதமாக
வட்டத்துக்கு வெளியே நாற்காலி போட்டு
நாயின் காதைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

நேற்று யாரோ நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டிருந்தார்கள்.
குடுக்கை வந்தது.
மூன்று மிடறு.
முக்கால்வாசி அப்படியே நிற்கிறது, பச்சையாக, சூடாக.
என்ன செய்வது என்று பார்க்கிறேன்.
அதெல்மோ லாரி டயரின் விலையைத் திட்டிக்கொண்டே
என் கையிலிருந்து வாங்கினான்,
பேச்சை விடாமல் மிச்சத்தை உறிஞ்சினான்.
குழல் குறட்டை விட்டது.
வெந்நீர் ஊற்றி அடுத்தவனுக்குக் கொடுத்தான்.
டயர் பேச்சு பின்சக்கரத்துக்குப் போனது.

அடுத்த சுற்று வந்தபோது
இரண்டு மிடறு போதும் என்றுதான் நினைத்தேன்.
மூன்று குடித்தேன்.
புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு
குடுக்கையை நீட்டினேன்.