மிதப்பவை

வாளி வாளியாய் மண்ணைக் கொட்டுகிறாள் நுர்ஜிஹான்
பீப்பாய்த் தண்ணீரில்.
சேறு அடிக்கு இறங்குகிறது.
கல்லும் எலும்பும் சல்லடையில் நின்றுவிடுகின்றன.
கருகியது மட்டும்
மேலே வருகிறது.

கோன்யா சமவெளி. ஜூலை வெயில்.
வடித்த துணியை முடிச்சிட்டு
வேலிக் கம்பியில் தொங்கவிடுகிறாள்.
எட்டாயிரத்து அறுநூறு வருஷத்துக் கரி
சொட்டுச் சொட்டாய் உலர்கிறது
அவள் மகனின் கால்பந்துச் சட்டைக்குப் பக்கத்தில்.

நான் கொட்டகை நிழலில்,
நுண்ணோக்கியில் கண்ணும்
மெல்லிய தூரிகையில் விரலுமாக.
ஒரு கோதுமை. ஓர் உமிக்காம்பு. பாதிப் பயறு.
அப்புறம் கசப்புப் பயறு, ஏராளமாக.
ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து,
மறுபடி கொட்டினால்தான் அது வாயில் வைக்க ஆகும்.
யாரோ ஒருத்தி அதைக் கண்டுபிடிக்கும்வரை
எத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
இருட்டில் வெளியே ஓடினார்களோ.
அதற்குச் சான்றில்லை.
சான்றுள்ளது:
வீடு பதினேழு. அடுப்புக்கு வடக்கே. நாற்பத்து மூன்று மணிகள்.

எங்கள் தொழிலில் ஒரு வெட்கம் உண்டு,
நிதி கொடுக்க வருகிறவர்களிடம் சொல்வதில்லை:
நன்றாக வெந்து, நன்றாகத் தின்று தீர்ந்த எதுவும்
எங்கள் கைக்கு வராது.
சிந்தியது வரும்.
தீயில் தவறி விழுந்தது, நாய் கவ்விப்போனது,
கோபத்தில் வீசியது வரும்.
நிறைந்த வயிறு
தடயம் வைப்பதில்லை.

அடுத்த மேசையில் தேவ்ரிம்
செம்மறித் தாடை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.
கடைசிக் கடைவாய்ப்பல் அப்போதுதான்
ஈறைக் கிழிக்கத் தொடங்கியிருக்கிறது.
"வசந்தத்தில் பிறந்தது. மறுவருஷ இலையுதிரில் அறுத்திருக்கிறார்கள்."
தொடை எலும்பில் ஏழு வெட்டு,
எரிமலைக் கண்ணாடிச் சில்லால்;
மூட்டு ஒரு விரல் தள்ளி இருந்தது, ஏழு முறையும்.
"புதுக் கை," என்கிறான்.
பசித்த கையாகவும் இருக்கலாமே என்றேன்.
தோளைக் குலுக்கிவிட்டு
அடுத்த பையைப் பிரித்தான்.

மூன்று மணிக்குப் பானைத் துண்டு வந்தது.
உட்புறத்தில் விரற்கடைத் தடிமனில் கரிப்பொருக்கு.
நுர்ஜிஹான் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
எட்டிப் பார்த்தாள். சிரித்தாள்.
"கஞ்சி. கிண்டாமல் எழுந்து போயிருக்கிறாள்.
ஒரு பக்கம்தான் பிடித்திருக்கிறது, பாருங்கள்."
ஏன் போனாள்? எனக்குக் கேட்க வாயெடுத்தது,
அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல.

விளக்கைச் சாய்த்து வைத்தேன்.
பொருக்கின் மேல் கோடுகள்.
ஒன்பது. இணையிணையாக, லேசாக வளைந்து,
சிப்பியோ உடைந்த விலா எலும்போ
பானையைச் சுற்றி வந்த தடம்.

திரும்பி வந்திருக்கிறாள்.
கருகாததைச் சுரண்டியிருக்கிறாள்.
புகை நாற்றத்தோடு, முகம் சுளித்தபடி,
அல்லது சுளிக்காமல்,
அந்த வீடு அன்றைக்குச் சாப்பிட்டிருக்கிறது.

எத்தனை வருஷமாகக் கரியையே எண்ணிக்கொண்டிருந்தேன்.
கோட்டுக்குள் இல்லாமல் போனதை
எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

'சுரண்டல் தடம்: ஒன்பது' என்று எழுதினேன்.
அகலம் எழுதினேன். ஆழம் எழுதினேன்.
பேனா அங்கேயே நின்றது கொஞ்ச நேரம்.

வெளியே தண்ணீர் கலங்கும் சத்தம்.
நுர்ஜிஹான் இன்னொரு வாளியைக் கவிழ்க்கிறாள்.