அடிக்கட்டை

சீட்டு இரண்டு வெள்ளி.
முதல் பரிசு மோட்டார்,
தவுக்கே லிம் கடை வாசலில்
பிளாஸ்டிக் உறை கழற்றாமல் நிற்கிறது.
பீடோர் கடைத்தெருவில்
வருகிறவன் போகிறவன் எல்லாம்
அதன் முதுகைத் தட்டிப் பார்க்கிறான்
மாடு வாங்குகிறவன் போல.

ரத்தம் சுத்திகரிக்கும் மையத்துக்கு
மூன்றாவது இயந்திரம்.
அதற்குத்தான் இத்தனையும்.
நான் பொருளாளர்.
பகலில் செம்பனை ஆலையில்
லோரி எடை எழுதுகிறவள்.
பாரம் ஏற்றிய லோரி, வெறும் லோரி,
கழித்தால் வருவதுதான் பழம்.
வேறு கணக்கு எனக்குத் தெரியாது.

'ஆத்தோரம் கவுந்த லோரி நம்பர் இருக்கா, கிளார்க்கம்மா?'
'கனவுல பாம்பு வந்துச்சு, அதுக்கு என்ன நம்பர்?'
எட்டு வேண்டும், நான்கு வேண்டாம் என்று
லிம்மின் மனைவி கட்டு முழுக்கப் புரட்டினாள்.
கோகிலவாணி டீச்சர் மட்டும்
பத்து வெள்ளி கொடுத்துவிட்டு
சீட்டு வேண்டாம் என்றார்.
அந்தப் பத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
அரை நாள் யோசித்தேன்.

செவ்வாய் வியாழன் சனி
ஊசி ஏற்றிக்கொள்ளும் சன்னாசி
வீங்கிய கையை நீட்டினார்.
'எனக்கும் ஒண்ணு கிழி.
மோட்டார் விழுந்தா பஸ் காசு மிச்சம்.'
கிழித்தேன்.
அவருக்காக விற்கும் சீட்டை
அவருக்கே விற்றேன்.

சம்பள நாள் சாயங்காலம்
நாலு நம்பர் கடையிலிருந்து நேரே வந்தான்
குலை வெட்டும் மருதப்பன்,
காதில் செருகிய பென்சில் அப்படியே.
'ஒரு கட்டு முழுசாக் குடு. அம்பது சீட்டு.
தர்மக் காசுதானே, சாமி பாத்துக் குடுக்கும்.'

நூறு வெள்ளி.
அவன் மனைவி பொன்னுருவி
போன வாரம் எடைமேடைக்கே வந்து
முப்பது வெள்ளி கைமாற்று வாங்கிப் போயிருந்தாள்,
மகனின் பள்ளி வேனுக்கு.

ஐந்து கிழித்தேன். கட்டை மூடினேன்.
'ஆளுக்கு அஞ்சுதான்.'
அந்த நிமிடம் வரை
அப்படி ஒரு விதி இல்லை.

'ஏன், என் காசு காசில்லையா?'
கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.
பதில் இருந்தது.
பொன்னுருவியை நடுத்தெருவில் நிறுத்தாமல்
அதைச் சொல்ல வழி இல்லை.

மறுநாள் தலைவரிடம் போய்
மீதி நாற்பத்தைந்தையும் வாங்கிவிட்டான்.

குலுக்கல் அன்று மழை.
தகரக் கூரை இரைச்சலில்
யார் பெயரும் சரியாகக் கேட்கவில்லை.
மோட்டார் விழுந்தது
ஈப்போவில் இருக்கும் ஒரு வங்கி அதிகாரிக்கு.
அவரிடம் கார் இரண்டு.
மருதப்பனுக்கு ஒரு பிளாஸ்க்.
வாங்க அவன் வரவில்லை, பொன்னுருவி வந்தாள்.
மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.
மூடினாள்.
என்னைப் பார்க்கவில்லை.

மோட்டார், அச்சுக்கூலி, பந்தல், மைக்செட்,
வந்தவர்களுக்குச் சாப்பாடு,
பிரமுகர்களுக்கு மாலை.
கழித்தேன்.
இரண்டு வெள்ளியில்
எழுபது சென் இயந்திரத்துக்கு.
பெரிய எழுத்தில் எழுதி
மையத்தின் கதவில் ஒட்டினேன்.

'இதையெல்லாமா எழுதுவாங்க?
அடுத்த வருசம் எவன் வாங்குவான்?'
என்றார் தலைவர்.
நியாயமான கேள்விதான்.

இந்த வருடம் சீட்டு இல்லை,
பால் டின்னில் துளை போட்டு வைத்திருக்கிறோம்.
ஏழு மாதத்தில் சேர்ந்தது
போன வருடம் மிஞ்சியதில் பாதிகூட இல்லை.
மூன்றாவது இயந்திரம் நிற்க வேண்டிய இடத்தில்
நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கின்றன.
சன்னாசி வரும்போதெல்லாம்
பஸ்ஸில் மிஞ்சிய சில்லறையை உள்ளே போட்டு
'மோட்டார் எப்ப?' என்கிறார்.

அடிக்கட்டைகளை நான் எறியவில்லை.
ரப்பர் போட்டுக் கட்டி
எடைமேடை மேசைக்குள் வைத்திருக்கிறேன்.
லோரி வராத மத்தியானங்களில் அவிழ்ப்பேன்.
மருதப்பன், மருதப்பன், மருதப்பன்.
நாற்பத்தைந்து தலைவரின் கையெழுத்தில்.
ஐந்து என்னுடையதில்.