கொம்தார், மூன்றாம் மாடி

உலகக் கணக்கில் எல்லாம் கோடிகள்.
பதினைந்து கோடியைத் தாண்டிய கறுப்புப் பெட்டி, பிளேஸ்டேஷன் இரண்டு.
ஒரு கோடியைத் தொடாமலே
நின்றுபோன என் வெள்ளைப் பெட்டி, டிரீம்காஸ்ட்.

என் கணக்கு
லாச்சியில் கிடக்கும் நீல அட்டை நோட்டு.
இரண்டாயிரம், ஜூன்: வெள்ளை பதினொன்று.
அவன் கடையில் கறுப்பு, இரண்டு.

அவன் என்றால் லோகேந்திரன்.
எதிர்க்கடை.
நடுவில் ஆறடி நடைபாதை,
ஒழுகும் ஏர்கோன்,
அதன் கீழே ஒரு பெயிண்ட் வாளி,
ஐந்து மணிக்குச் சீருடையோடு வந்து
எதையும் வாங்காமல் நிற்கும் பையன்கள்.

தலைமுறைக்கு ஒரு பந்தயம்.
தோற்றவர் நாசி கண்டார் வாங்கித் தர வேண்டும்,
மீன் முட்டையோடு.

பதினொன்று, ஒன்பது, நான்கு என்று இறங்கி
அடுத்த டிசம்பரில் எனக்குப் பூஜ்யம்.
அவன் வாசலிலோ
தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிற கூட்டம்.
மீன் முட்டைக்கு மட்டும் பதினெட்டு வெள்ளி.
"விளையாட்டு ஒன் பெட்டியிலதான் நல்லா இருந்துச்சு, சுபத்ரா"
என்றான், வாய் நிறைய.
ஆறுதல் சொல்பவன் தட்டிலிருந்து
முட்டையைத் திரும்ப எடுக்கவா முடியும்?

அடுத்தது என்னுடையது.
கையை வீசினால் பந்து பறக்கும் வீ.
ஆயர் ஈத்தாம் டீச்சர் ஒருவர்
முழங்கால் வலிக்கென்று வாங்கிப் போனார்.
பினாங்கில் இத்தனை முழங்கால்கள் இருக்குமென்று
லோகேந்திரன் எதிர்பார்க்கவில்லை.

அதற்கும் அடுத்தது
அதே பெயருக்குப் பின்னால் ஒரு யு போட்டு வந்தது.
பழைய பெட்டிக்கு ஏதோ உதிரிபாகம் போல என்று
ஊரே பார்த்துவிட்டு நகர்ந்தது.
ஆறு இறக்கினேன்.
நான்கு இன்னும் பரணில்.

பச்சைப் பெட்டிக்காரர்கள் ஒரு வருடம்
எத்தனை விற்றோம் என்று சொல்வதையே நிறுத்தினார்கள்.
"நமக்கு இது தோணலையே" என்று சிரித்தான்.
மறுவாரம் என் நோட்டைக் கேட்டான்.
"இனிமே வெளியிடுறதில்ல" என்றேன்.

போன மாதம் ஒரு கறுப்புப் பெட்டி ரிப்பேருக்கு வந்தது.
திறந்தேன்.
கரப்பான் முட்டை, பிஸ்கட் தூள்,
மூடியின் உட்புறம் என் கையெழுத்தில் 03.
அதன் கீழே அவன் கிறுக்கல், 05.
மறுபடி நான், 08.
மறுபடி அவன்.

பழசில் கட்சி கிடையாது,
எது வந்தாலும் எடுத்து விற்போம்.
பழசைப் போட்டுப் புதுசு வாங்கியவர்கள்
அந்த ஆறடியை
இங்கிருந்தும் அங்கிருந்தும் கடந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.
என் நோட்டில் இது இரண்டு.
அவன் நோட்டில் இரண்டு.
கோடிகளின் கணக்கில் ஒன்றே ஒன்று,
அதுவும் முதல் நாளோடு முடிந்துபோன ஒன்று.

அப்படியானால்
எத்தனை மீன் முட்டை செல்லாது?

எதிரே பார்த்துக் கத்தலாம் என்றால்
அங்கே கைப்பேசி உறைகள் தொங்குகின்றன.
லோகேந்திரன் பட்டர்வொர்த்தில் ஏர்கோன் பொருத்துகிறான்.
இருபது வருடம் அந்த வாளியைக் காலி செய்ததில்
வந்த ஞானமாம்.

படம் எடுத்து அனுப்பினேன்.
நீலக் குறி விழுந்தது.
பதில் இரவு பத்து மணிக்குத்தான்:
"சரி, ஒனக்கு ஒரு முட்டை பாக்கி.
அந்தப் பெட்டி ஓடுதா?"

ஓடுகிறது.
லென்ஸ் மாற்றிவிட்டேன்.
சொந்தக்காரர் இன்னும் எடுக்க வரவில்லை.
வந்தால் எண்பது வெள்ளி கேட்பேன்.
விற்கிறீர்களா என்றும் கேட்பேன்.

மூடியின் உட்புறத்தில்
இன்னும் ஒரு விரல் அகலம் இடம் இருக்கிறது.