மொத்தம் பதினொன்று

விடியுமுன் வயர்லெஸ்ஸில் கேட்டார்கள்:
உங்கள் கப்பல் எத்தனை டன்?
பதினொன்று, என்றது ஒரு பெண்குரல்.
பதினோராயிரமா?
இல்லை, பதினொன்று.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.

இருபத்திரண்டு வருடமாக
சென்னைத் துறைமுகத்தில் நான் வாட்டர் கிளார்க்.
கப்பல் வந்தால் காகிதக்கட்டோடு ஏணி ஏறுவேன்,
கையெழுத்து வாங்குவேன், இறங்குவேன்.

பைலட் கட்டாயம் என்பது விதி.
கேப்டன் தேவசகாயம் போனார்.
ஒன்பது மீட்டர் கயிற்றேணி ஏறிப் பழகிய கால்
அன்றைக்கு லாஞ்சிலிருந்து கீழே இறங்கியது.
இறங்குமுன் ஷூவைக் கழற்றிவிட்டாராம்,
ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

கார் ஏற்றும் கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவே
மிச்சமிருந்த தண்ணீரில்
பந்தியில் இடம் தேடும் பிள்ளைபோல் வந்து நின்றது.
பெயர் ஸ்கார்வ்.
அவள் ஊரில் நீர்க்காகத்துக்கு அப்படிப் பெயர்.

கயிறு பிடிக்க ஆறு ஆள், அதுவும் விதி.
தொடை கனத்தில் வடம் வரும் என்று நின்ற ஆறு பேர் கையில்
துணி காயப்போடும் கொடி வந்து விழுந்தது.
சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
காசிமேட்டு ஜெபராஜ் மட்டும் சிரிக்கவில்லை.
"தனியாவா வந்துச்சு?" என்றான்.
படகையா அவளையா என்று நான் கேட்கவில்லை.

சரக்கு: இல்லை.
பயணிகள்: இல்லை.
ஒளிந்து வந்தவர்கள்: இல்லை.
மாலுமிகள்: இல்லை.
மாஸ்டர்: இங்கெபோர்க், வயது அறுபத்து மூன்று.
முந்தைய பத்துத் துறைமுகங்கள் என்ற பத்தியில்
கடைசியாக, குவாத்தமாலாவில் ஏதோ ஒரு சரக்குத் துறை.
அங்கேயும் இப்படித்தான், என்றாள்,
வாழைக்காய்க் கப்பல்களுக்கு நடுவே,
பல்லில் சிக்கிய நார் மாதிரி.

செடி கொடிகள்: ஒரு தேங்காய்,
நடுக்கடலில் மிதந்து வந்தது, முளைவிட்டது.
சுங்கத்துச் சபாநாயகம் பேனாவை மூடினார்.
"இது இறக்குமதியா, இல்ல
இதுவும் ஒரு பயணியா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
தேங்காய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது.

பிறகு முத்திரை.
கப்பல் முத்திரை இல்லாமல் பதினான்கு பிரதியும் செல்லாது.
அவள் கட்டைவிரலைக் காட்டினாள்.
நான் பாரிமுனைக்கு ஓடினேன்.
பிராட்வே சந்தில் இஸ்மத்தின் ஸ்டாம்ப் கடை.
கம்பெனி பேரு?
கம்பெனி இல்ல பாய், படகு.
ஓனரா, மேனேஜரா, டைரக்டரா?
எல்லாம் அந்தம்மாதான்.
வட்டமா சதுரமா?
வட்டம்.
நாற்பது நிமிடம், நூற்று அறுபது ரூபாய்.

பதினான்கிலும் குத்தினாள்.
பதினைந்தாவதாகத் தேங்காய் மட்டையில்.
அப்புறம் எனக்கு டீ போட்டாள்.
இத்தனை வருடத்தில் முதல்முறையாக
ஒரு கப்பலில் உட்கார்ந்தேன்.
அண்ணாந்து பார்த்தேன்.
பக்கத்துக் கப்பலின் இரும்பு
ஜன்னலே இல்லாத தெருவாக நிமிர்ந்து நின்றது.
தினமும் நான் ஏறுவது இதிலா?
இழுவைப் படகொன்று கடந்தது,
டீ பாதி என் பேண்ட்டில்.

பில் வந்தது.
குறைந்தபட்சக் கட்டணம் நூறு மீட்டர் கப்பலுக்கு.
பன்னிரண்டு மீட்டர் படகுக்காரி
மீதி எண்பத்தெட்டு மீட்டருக்கு
வெறும் தண்ணீருக்குக் கட்டினாள்.
பேரம் பேசவில்லை. ரசீதை மட்டும்
இரண்டு தரம் படித்தாள்.

மூன்றாம் நாள் போய்விட்டாள்.
முத்திரையை என் பையிலேயே விட்டுவிட்டாள்,
அல்லது நான்தான் கொடுக்க மறந்தேன்.
அடுத்த துறையில் எதைக் குத்தினாளோ.
வேலையில்லாத மதியங்களில்
பழைய செய்தித்தாளில் அழுத்திப் பார்க்கிறேன்:
சுற்றிலும் பெயர், நடுவில் ஒன்றுமில்லை.
நடுவில் என்ன போடணும் என்று
இஸ்மத் கேட்டிருப்பார். எனக்குக் காதில் விழவில்லை.

இன்று காலை வந்தது நாற்பத்தோராயிரம் டன்.
ஏணியில் பாதியில் நின்று
கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மேலிருந்து செகண்ட் மேட் கத்தினான்:
என்ன ஏஜென்ட், தலை சுத்துதா?