நாற்பத்தோராவது பம்பு

வரைபடத்தில் பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில்
ஒரு எண் மட்டும்.
எதற்கென்று கேட்கமாட்டோம் என
ஆறு பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தோம்,
டீ வாங்கிவரும் சிராஜுதீன் உட்பட.

தண்ணீர் தள்ளும் பம்புதான்.
அடுக்குமாடிகளுக்குச் செய்த அதே கைகள்.
ஆனால் வந்த தாளில் ஒரு வரி:
ஒரு மீட்டர் தள்ளி நின்றால்
ஓடுவது தெரியக்கூடாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.
இடப்பக்கம் தகடு வெட்டும் பிரஸ்,
வலப்பக்கம் போல்ட்டுக்கு மரை போடும் மெஷின்,
பின்னால் ரயில்,
ஆடி பிறந்துவிட்டால் அம்மன் ஸ்பீக்கர்.
நாங்கள் ரகசியம் பேசுவதே கத்தித்தான்.
வீட்டிலும் அப்படியே பேசிவிட்டு
சண்டையா என்று கேட்கும் மாடிவீட்டுக்காரருக்கு
என் மனைவி பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஆகவே சோதனை ராத்திரி இரண்டு மணிக்கு.
கடைசி ரயில் போன பிறகு
பால் லாரிகள் கிளம்பும் முன்
கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்.
மின்விசிறியை நிறுத்து.
டியூப்லைட்டை அணை, சோக்கு முனகுகிறது.
கைக்கடிகாரம் வெளியே.
அமலோற்பவம் செருப்பைக் கழற்றிவிட்டு
மீட்டர் முன் உட்காருவாள்.
நான் சுவிட்சைத் தொடுவேன்.
வாசலில் சிராஜுதீன்
நாய்களுக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருப்பான்.
கணக்கில் அது "சோதனைச் செலவு".

நாற்பது பம்புகள் தோற்றன.
ஒன்று தேரை.
ஒன்று தூங்குகிறவரின் மூக்கு.
ஒன்றில் எங்கோ யாரோ அரிசி களைந்துகொண்டே இருந்தார்கள்.
முள் அசையுமுன் அவளுக்குத் தெரிந்துவிடும்.
"பின்பக்க பேரிங்" என்பாள்.
பிரித்தால் பின்பக்க பேரிங்.

நடுவில் ஒருநாள் கஸ்டமர் வந்தார்.
பதிவேட்டில் கஸ்டமர் என்றே எழுதினார்.
ரப்பர் அடி வைத்த ஷூ.
நாற்காலியை இழுக்கவில்லை, தூக்கி வைத்தார்.
கதவைச் சாத்தியபின்னும்
பிடியைக் கொஞ்ச நேரம் விடவில்லை.
சமோசா தின்றார், அதுவும் கேட்கவில்லை.
இப்படிப் பழகிய நூறு பேர்
மாதக்கணக்கில் சேர்ந்திருக்கும் இடம்
தரையில் இருக்காது என்று
அன்று எனக்குத் தோன்றியது.
ஓட்டுவதற்கு ஒரு நெருப்பு.
ஊர்களுக்கென்று ஒதுக்கிவைத்த இன்னொரு நெருப்பு.
நடுவே, எங்கள் பம்பு தள்ளும் தண்ணீர்.

அமலோற்பவத்திடம் சொல்லவில்லை.
அவளும் என்னிடம் சொல்லவில்லை.
கையெழுத்துப் போட்டிருந்தோமே.

நாற்பத்தோராவதை ஓடவிட்டேன்.
"சுவிட்ச் போடலியா?" என்றாள்.
போட்டாச்சு.
எழுந்துவந்து கை வைத்துப் பார்த்தாள்.
இளஞ்சூடு.
கேட்டதெல்லாம் இவ்வளவுதான்:
கொரட்டூர் ஏரிப்பக்கம் ஏதோ பறவை,
வெளியே பிஸ்கட் தாள் கசங்குவது,
என் இடக்காதில்
இருபது வருஷ பிரஸ் வேலை விட்டுப்போன ரீங்காரம்.
அது மீட்டரில் ஏறாது.

"எங்கண்ணன் காசிமேட்டுலேர்ந்து கடலுக்குப் போறான்"
இருட்டில் அவள் குரல்.
"இது கீழ போனா, மேல அவனுக்குக் கேக்குமா?"
கேக்காது.
"சரி."
பிறகு,
"அதான் ஒரு மாதிரி இருக்கு."

பணம் நூற்றிருபது நாள் கழித்து வந்தது, பிடித்தம் போக.
மற்ற கஸ்டமர்கள் வாரம் தவறாமல் கூப்பிடுவார்கள்,
ஒழுகுது, அதிருது, ஆளை அனுப்பு.
இவர்கள் ஒருமுறைகூட இல்லை.
ஓடுகிறதா, நின்றுவிட்டதா,
பெட்டியே பிரிக்காமல் எங்காவது கிடக்கிறதா.

ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குப் போனால்
பிள்ளைகள் பஜ்ஜிக் கடைக்கு ஓடுவார்கள்.
நான் ஈரமணலில் இறங்கி
வலக்காதைக் கடலுக்குக் காட்டி நிற்பேன்.

"என்னப்பா கேக்குற?"

"ஒண்ணுமில்ல."

இன்னும் கொஞ்சநேரம் நின்று
அந்த ஒன்றுமில்லாததைச் சரிபார்த்துவிட்டு
பஜ்ஜிக்குச் சில்லறை எடுக்கிறேன்.