பொள்ளல்

தமாமிலிருந்து வந்தவர்
மிட்டாய்ப் பெட்டிகளோடு
ஒரு கம்பளச் சுருளையும் ஆட்டோவிலிருந்து இறக்கினார்.
கருஞ்சிவப்பு. ஓரத்தில் யாரோ சிகரெட்டால் சுட்ட வட்டம்.
யாகப்பா நகரில் வீடு அப்போது
வெறும் சிமெண்டோடு நின்றிருந்தது,
தரைக்கு எதைப் போடுவது என்று முடிவாகாமல்.

"ஹாலுக்கு இது. ரூமுக்கு வேற வாங்கிக்கலாம்.
சுவரோட சுவரா, ஒரு இஞ்ச் தரை தெரியக்கூடாது."
சித்திரை வெயிலில் நின்றுகொண்டு சொல்கிறார்.

நான் சொன்னேன்:
வைகையில் தண்ணீர் வருவதைவிட
நம் வீட்டுக்குள் மணல் வருவது அதிகம்.
இதை யார் தூக்கி உதறுவது?
சின்னவனுக்கு ஏற்கெனவே இழுப்பு.
"பள்ளிவாசல்ல விரிச்சிருக்காங்களே" என்றார்.
அங்கே யாரும் மீன் குழம்பைக் கொட்டுவதில்லை.

நாத்தனார் ரஹ்மத்துன்னிசா போனில் ஓட்டுப் போட்டாள்:
கம்பளம்தான் அந்தஸ்து.
அவள் வீட்டில் மொசைக்.

மொட்டைமாடியில் ஒரு பகல் காயவைத்து உதறினேன்.
விழுந்தது எந்த ஊர் மணல் என்று தெரியவில்லை.

பைபாஸ் ரோட்டுக் கடையில்
தினகர் என்ற பையன்
சதுர அடி விலையைக் கால்குலேட்டரில் தட்டித்
திருப்பிக் காட்டினான், வாயால் சொல்லாமல்,
வியாதியின் பேரை மறைப்பது போல.
மரம் மாதிரி ஒன்று, மரமில்லை.
மார்பிள் மாதிரி ஒன்று, மார்பிளில்லை.
மேலூர்க் கிரானைட் மட்டும்
தன் பெயரிலேயே கிடந்தது, இருட்டாக.
நான் செருப்பைக் கழற்றிவிட்டு
ஒவ்வொன்றிலும் ஏறி நின்று பார்த்தேன்.
இவர் வாசல் பக்கம்
போனில் எதையோ தேடுவதாகப் பாவனை.

இரவில் கேட்டேன், ஏன் இந்தப் பிடிவாதம்?
மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்.
ஒரு அறை. எட்டுப் பேர். மூன்று ஷிப்ட்.
எந்நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.
கம்பளம் கிடந்ததால்தான்
யாரையும் எழுப்பாமல் பதினொரு வருஷம்
நடக்க முடிந்தது.
"மெத்துனு நடக்கிறதே மரியாதைன்னு ஆகிப்போச்சு எனக்கு."

அப்போதுதான் புரிந்தது,
வந்து மூன்று வாரமாக
இவர் அடுப்படிக்கு வருவது எனக்குத் தெரிவதேயில்லை.
திரும்பினால் நிற்கிறார்.
இரண்டு முறை கரண்டியைக் கீழே போட்டிருக்கிறேன்.
வாடகை வீட்டுச் சிவப்புச் சிமெண்டில்கூடச்
சத்தமில்லாத கால்.

அந்தப் பதினொரு வருஷமும் நான்
மாடிவீட்டுக்காரரின் காலடியைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.
குளியலறைக்கு ஒன்பது எட்டு. பால்கனிக்குப் பதினான்கு.
யார் யாரோ நடந்தார்கள் என் தலைக்கு மேல்.

காலையில் நானே போய் முன்பணம் கட்டினேன்.
டைல்ஸ். இரண்டுக்கு இரண்டு, மங்கிய சாம்பல் நிறம்.
கூடுதலாக எடுத்த மூன்று பெட்டி
மாடிப்படிக்குக் கீழே இன்னும் கிடக்கிறது.
கம்பளத்தில் ஆறடிக்கு இரண்டரை
வெட்டி எடுத்துக்கொண்டார்.
அங்கே அவருக்கு இருந்த இடம் அவ்வளவுதானாம்.
மிச்சத்தைக் கல் பதிக்க வந்த முத்திருளன் கேட்டு வாங்கினார்,
தன் டாட்டா ஏஸின் பின்பக்கத்துக்கு.

வேலை முடிந்ததும் அவர்
ஒரு ஐந்து ரூபாய்க் காசால்
அறை முழுக்கத் தட்டிக்கொண்டே போனார், குந்தியபடி.
கிண். கிண். கிண்.
பீரோ தாண்டி, அடுப்படி வாசலுக்கு முன்னால் ஒன்று:
டொப்.
"அடியில பொள்ளல்க்கா. கலவை சேரலை.
பேத்துட்டு மாத்திப் போட்டுர்றேன்."
உடையுமா?
"பாரம் ஏத்தாதீக. நடந்தா ஒண்ணும் ஆகாது."
அப்ப இருக்கட்டும் என்றேன்.
இவர் என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

ஐப்பசி. மழை வந்துவிடும் போல ஒரு காற்று.
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.
டொப்.
திரும்பாமலே
"டீயா?" என்கிறேன்.